என் பூக்காகிதங்கள்

கோபன்ஹேகன்
6 மார்ச் 1983

அன்புள்ள டாக்னி அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சளி இன்னும் விட்டபாடில்லை. மற்றபடி நலம். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு நான் வராததை இன்னும் மனதில் வைத்திருக்கிறாளா?

ஒரு நல்ல செய்தி. இங்கே ஒரு பதிப்பகம் என்னிடம் படப் புத்தகம் கேட்டிருக்கிறது. யாரோ எழுதிய கதைக்கு முயலும் வாத்தும் வரைந்து வரைந்து நான் சலித்துப்போயிருந்தது உனக்குத் தெரியும். இது அப்படி இல்லை, படமும் எழுத்தும் முழுக்க என்னுடையவை. நாம் சின்ன வயதில் சேர்த்தோமே, விருந்து மேசையில் கை துடைக்க மடித்து வைக்கும் பூப்போட்ட காகிதங்கள், அதுதான் விஷயம். நம் வயதுப் பெண்கள் எல்லோரிடமும் ஒரு செருப்புப் பெட்டி நிறையப் பூக்காகிதம் இருந்தது. பள்ளி இடைவேளையில் "ரெண்டு ரோஜாவுக்கு ஒரு கொக்கு" என்று பேரம் பேசுவோமே! பதிப்பகத்து அம்மாளிடம் இதைச் சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பக்கத்தில் ஒரு பூக்காகிதத்தின் ஓவியம், எதிர்ப்பக்கத்தில் அது வந்த கதை. அவ்வளவுதான் புத்தகம்.

நம் பெட்டி பரணில்தான் இருக்கும். அனுப்பி வைக்கிறாயா? கூடவே எது எங்கிருந்து வந்தது என்று உனக்கு நினைவிருப்பதை எழுது. என் ஞாபகம் சல்லடை. நீ எதையும் மறக்கமாட்டாய்.

நானே வந்து எடுத்துக்கொள்ளலாம்தான். ரயிலிலேயே ஒரு பகல் போய்விடும் அக்கா. ஃபோனில் கேட்கலாம் என்றால் அம்மா வாங்கிக்கொண்டு "எப்படி வர்ற, எப்ப வர்ற" என்று ஆரம்பித்துவிடுவாள்.

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் சோல்வை

*

லெம்விக்
15 மார்ச் 1983

அன்புத் தங்கை சோல்வைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சளிக்குப் பாலில் எல்டர் பழச்சாறு கலந்து குடிக்காதே, தனியாகச் சுடவைத்துக் குடி. நான் நலம். மீன் வெட்டும் கூடத்தில் குளிர் அதிகம், விரல் மூட்டு வலிக்கிறது, அது எல்லோருக்கும் உள்ளதுதான். அம்மாவின் கண் நடுவில் முழுக்க இருட்டிவிட்டது. ஓரத்தால்தான் பார்க்கிறாள். என்னோடு பேசும்போது என் காதுக்குப் பக்கத்தில் யாரோ நிற்பதுபோல அங்கே பார்த்துப் பேசுகிறாள்.

பெட்டியை இறக்கியதும், "எதுக்காம் அவளுக்கு?" என்று கேட்டாள். புத்தகம் என்றேன். "புத்தகமா! நான் பாத்திரம் கழுவுன வீட்டு அழுக்கையெல்லாம் அச்சடிக்கப் போறாளா?" என்று சிரித்தாள். ஆனால் ஒவ்வொன்றையும் மடியில் வைத்து விரலால் தடவிப் பார்த்தாள். கண் தெரியாவிட்டாலும் ஓரத்துப் பொத்தல் வேலையை வைத்தே எது என்று சொல்லிவிடுகிறாள்.

கதையா கேட்டாய்? எல்லாம் ஒரே கதைதான். ஊர் மண்டபத்தில் விருந்து நடக்கும். அம்மா சமையற்கட்டில் பாத்திரம் கழுவுவாள். யாரும் கை வைக்காத பூக்காகிதம் மிஞ்சினால் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவாள். நாம் தூங்காமல் காத்திருப்போம். அவள் கை சலவைச் சோடா வாசனை அடிக்கும். முதலில் உனக்குக் காட்டுவாள், நீ சின்னவள் என்று. பச்சையில் கொக்கு போட்டது பாதிரியார் மகள் கல்யாணத்தில் வந்தது. தங்க விளிம்பு வைத்தது வங்கிக்காரர் வீட்டுப் பெயர்சூட்டு விழாவில். மிச்சத்தைத் தனித் தாளில் எழுதி ஒவ்வொன்றோடும் வைத்திருக்கிறேன்.

நீலத்தில் காற்றாலை போட்டது மட்டும் இதில் இல்லை. அதை அம்மா கொடுக்கமாட்டேன் என்கிறாள்.

வேலை முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்பு. அம்மாவுக்குப் பொழுது போக அவைதான் இருக்கின்றன.

உன் நலம் விரும்பும்
டாக்னி

*

கோபன்ஹேகன்
24 மார்ச் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. உன் மூட்டு வலி எப்படி?

பெட்டியைத் திறந்து அன்று முழுவதும் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு அழகு! நீ எழுதிய குறிப்புகளும் அருமை. பதிப்பகத்து அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "பொக்கிஷம்" என்றாள். ஆனால் கழுவு தொட்டியும் சோடாவும் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் வாசிப்பவர்களுக்குச் சோர்வு தட்டுமாம். "கொஞ்சம் காத்து வரட்டும், கடல் வரட்டும்" என்கிறாள். அப்பா ஒரு கோடை கப்பலில் இருந்தார் இல்லையா? எந்தக் கப்பல்? எங்கெல்லாம் போனார்? தெரிந்ததை எழுது.

அந்த நீலக் காற்றாலை இல்லாமல் புத்தகம் நிற்காது என்று தோன்றுகிறது. கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி வாங்கி அனுப்பேன்.

ஈஸ்டருக்கு வர முடியாது போலிருக்கிறது. வேலை கழுத்துவரை.

அன்புடன்
சோல்வை

*

லெம்விக்
20 ஏப்ரல் 1983

அன்புள்ள சோல்வைக்கு,

இங்கே இருவரும் நலம். ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி வாட்டி வைத்திருந்தோம். பக்கத்து வீட்டு பெட்ராவைக் கூப்பிட்டுச் சாப்பிட்டுத் தீர்த்தோம்.

அப்பா கப்பலில் இருந்தார் என்பது உண்மை. நார்வே போகும் சரக்குக் கப்பலில் கரி அள்ளினார். குடித்துவிட்டு யாரையோ அடித்ததில் அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு மீன் ஏலக் கொட்டகை, அதன் பிறகு ஒன்றுமில்லை. அவர் கொண்டுவந்த ஒரே பொருள் தலையில் கட்டு. உனக்கு அப்போது மூன்று வயது. உனக்கு ஏழு வயதில் அவர் போய்ச் சேர்ந்தார்.

காற்றாலைக் கதை உனக்குத் தெரியாது. அம்மா சொல்லக் கூடாது என்றிருந்தாள். இப்போது அவளே "சொல்லு, தெரிஞ்சுக்கட்டும்" என்கிறாள்.

உனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் அடித்த குளிர்காலம். மண்டபத்தில் டாக்டர் வீட்டுத் திருமண வெள்ளி விழா. ஹாலந்திலிருந்து வரவழைத்த பூக்காகிதம், எண்ணி வைத்தது. அம்மா ஒன்றை எடுத்து ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டாள். டாக்டர் மனைவி பார்த்துவிட்டாள். வெளியூர் விருந்தாளிகள் நடுவில் கூப்பிட்டு நிறுத்தி, "ஏப்ரனை உதறு, எல்லாரும் பாக்கட்டும்" என்றாளாம். அம்மா உதறினாள். அது தரையில் விழுந்தது. "எடுத்துக்க. உன் கை பட்டதை இனிமே யாரு தொடுவா?" என்றாளாம் அந்த அம்மாள். அம்மா குனிந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மண்டபத்து வேலை அதோடு போயிற்று. அந்தக் குளிர்காலம் நாம் உருளைக்கிழங்கை மட்டும் தின்றது அதனால்தான்.

நீ அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடந்தாய். "காத்தாடி சுத்துதும்மா" என்று காய்ச்சலில் உளறினாய்.

அம்மாவிடம் மறுபடி கேட்டேன். காற்றாலையை எடுத்து மடியில் விரித்துத் தடவினாள். பிறகு, "எடுத்துக்கட்டும். அவளுக்காகத்தானே எடுத்தேன்" என்றாள். அட்டை வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். வெயில் படாமல் பார்த்துக்கொள்.

பிரியமுள்ள
டாக்னி

*

கோபன்ஹேகன்
19 ஜூன் 1983

அன்புள்ள அக்கா,

எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. காற்றாலை கிடைத்தது. அந்தக் கதை அற்புதம்! படித்தவுடன் கை தானாக வரைய ஆரம்பித்துவிட்டது. இதுவரை நான் வரைந்ததிலேயே சிறந்த படம் அதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அட்டையிலும் அதன் ஒரு பகுதி வருகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். சில பூக்காகிதங்களை வெட்டிப் படத்திலேயே ஒட்ட வேண்டியதாயிற்று. வரைந்தால் அந்த மெல்லிய தன்மை வரவில்லை. புத்தகத்தில் என்றைக்கும் இருக்கும் இல்லையா, பெட்டியில் மக்குவதைவிட அது மேல்.

அவசரத்தில்
சோல்வை

*

லெம்விக்
11 ஜூலை 1983

அன்புள்ள சோல்வைக்கு,

நீ நலமாக இருப்பாய். இங்கே நலம் என்று எழுத முடியவில்லை. அம்மா பின்வாசல் படியில் விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்து நடக்கும் தெம்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலியோடு கூட்டி வந்துவிட்டேன். கூடத்தில் என்னைக் காலை வேலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நான் இல்லாதபோது பெட்ரா வந்து பார்த்துக்கொள்கிறாள்.

வெட்டியதைப் பற்றி நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பெட்டி எப்போது வரும் என்று கேட்டாள். அச்சகத்தில் இருக்கிறது என்றேன்.

ஆகஸ்டில் அவளுக்கு எழுபத்தைந்து. தேவாலயத்துப் பெண்கள் எல்லோரும் காப்பிக்கு வருகிறார்கள். புத்தகத்தைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். ரொட்டிக்காரனிடம், "என் சின்னவ என்னைப் பத்தி புத்தகம் எழுதுறா, நாளைக்கு நீ எனக்கு எழுந்து நின்னு ரொட்டி குடுக்கணும்" என்கிறாள். அவன், "நான் எப்பவும் நின்னுதான குடுக்குறேன்" என்றான். "அப்ப குனிஞ்சு குடு" என்றாள்.

ஒரு நாளைக்காவது வந்துவிட்டுப் போ. முகம் தெரியாது, குரல் கேட்டால் போதும் அவளுக்கு.

டாக்னி

*

கோபன்ஹேகன்
14 செப்டம்பர் 1983

அன்புள்ள அக்கா, அம்மா இருவருக்கும்,

பிறந்த நாளுக்கு வர முடியாதது எனக்கு எவ்வளவு வருத்தம் என்று எழுத்தில் சொல்ல முடியாது. அச்சகத்தில் நிறம் சரியில்லை, நான் கூடவே நிற்க வேண்டியிருந்தது. கம்பளிச் சால்வை வந்து சேர்ந்ததா? அம்மா இப்போது நடக்கிறாளா?

அக்டோபரில் புத்தகம் வருகிறது. டாக்னி, உன்னிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வாங்காதீர்கள். வேறு யாரிடமிருந்தும் வாங்கிப் படிக்கவும் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு நானே கொண்டுவந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என் வாயால் படித்துக் காட்ட ஆசை. சில இடங்களை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அதுவரை பொறுங்கள். சத்தியம் செய்வாயா?

முத்தங்களுடன்
சோல்வை

*

லெம்விக்
8 நவம்பர் 1983

சோல்வைக்கு,

சால்வை வந்தது. அம்மா நடக்கவில்லை.

உன் வேண்டுகோளை நான் காப்பாற்றவில்லை. நூலகத்தில் புத்தகம் வந்த அன்றே அங்கே வேலை பார்க்கும் பெண் எங்களுக்கென்று எடுத்து வைத்து, சைக்கிளில் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். "உங்க வீட்டுப் புத்தகம், நீங்கதான் முதல்ல படிக்கணும்" என்றாள். அம்மா கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அட்டையை முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "படிடி" என்றாள். சோல்வை வரட்டும் என்றேன். "அவ வர்றதுக்குள்ள நான் செத்துருவேன். படி" என்றாள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தேன். "நான் ஒரே பிள்ளை. எனக்கு ஏழு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். கப்பல் தலைவரான அப்பா ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் எனக்கு ஒரு பூக்காகிதம் கொண்டுவந்தார்."

நான் நிறுத்திவிட்டேன். "என்ன, எழுத்து சின்னதா இருக்கா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். பிறகு படித்தேன். "எங்கள் அம்மா ஊர் மண்டபத்தில் வேலை பார்த்தாள். நானும் என் அக்காவும் அவள் வரும்வரை தூங்கமாட்டோம்" என்று படித்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பித் திருப்பி, அங்கே இல்லாததைப் படித்தேன். கொக்கு வந்த இடத்தில் பாதிரியார் மகள் கல்யாணத்தைச் சொன்னேன். நீ லிஸ்பனில் உன் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில், அம்மா உன்னைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடந்ததைச் சொன்னேன். எனக்கு இவ்வளவு பொய் வரும் என்று எனக்கே தெரியாது. அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நல்லா எழுதியிருக்கா. இவ்வளவு ஞாபகம் வச்சிருப்பான்னு நான் நெனக்கல" என்றாள். "உன்னைப் பத்தியும் நெறைய எழுதிருக்காளே" என்று என் கையைத் தேடிப் பிடித்தாள்.

காற்றாலைப் பக்கம் வந்தபோது எனக்குத் தலைவலி என்று சொல்லி மூடிவிட்டேன்.

அதை எரித்திருக்க வேண்டும். நூலகப் புத்தகம் என்று அலமாரி மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பெட்ரா வந்திருக்கிறாள். அம்மா அவளிடம், "மிச்சத்தைப் படி, டாக்னி தலைவலின்னு விட்டுட்டா" என்று கேட்டிருக்கிறாள். பெட்ரா கெட்டவள் இல்லை, யோசிக்கமாட்டாள். நான் உள்ளே நுழையும்போது அவள் முதலிலிருந்து படித்துக்கொண்டு, "அடியே எல்னா, நீ இதுல செத்துட்டியே!" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் சிரித்தாள். "அப்படியா? செத்தவளுக்கு இன்னொரு காப்பி ஊத்து. கேக்கும் வை" என்றாள். நான் புத்தகத்தைப் பிடுங்கப் போனேன். "நீ சும்மா இருடி. படிக்கட்டும்" என்றாள்.

பெட்ரா காற்றாலைப் பக்கத்தைப் படித்தாள். நீ எழுதியதுதான், உனக்கு மனப்பாடமாக இருக்கும். அப்பாவின் பிறந்த நாள் விருந்து. பாத்திரம் கழுவ வந்த தடித்த கைக்காரி ஒருத்தி ஹாலந்துப் பூக்காகிதத்தைத் திருடி ஏப்ரனில் ஒளிக்கிறாள். சமையல்காரம்மா பிடித்துவிடுகிறாள். ஏப்ரனை உதறச் சொல்கிறார்கள். கப்பல் தலைவர் பெரிய மனதோடு, "போகட்டும், ஏழைக்கும் அழகு மேல் ஆசை இருக்கும்" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு, அந்தக் காகிதத்தை உன் தலையணையருகே வைக்கிறார். படத்தையும் பெட்ரா விவரித்தாள். "மூக்கு நல்லா செவப்பா போட்டிருக்கா, கை ரெண்டும் பன்னித் தொடை மாதிரி, பாக்கச் சிரிப்பா இருக்கு" என்றாள். பெட்ராவுக்கு அந்தக் கதை தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. டாக்டர் மனைவி செத்துப்போய்விட்டாள்.

அம்மா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படி" என்றாள். பெட்ரா படித்தாள். அம்மா, "போதும். நீ கிளம்பு, இருட்டுது" என்றாள். பகல்தான்.

பெட்ரா போனபிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். "நீ எனக்குப் படிச்சதெல்லாம்?"

"நான் சொன்னதும்மா."

"அதானே பாத்தேன்" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நீ அவளைக் கொன்றதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை சோல்வை. என்னை இல்லை என்று எழுதியதையும் பொறுத்துக்கொள்வேன். அந்த ஏப்ரனை அவள் ஒரு தடவைதான் உதறியிருந்தாள். அதை ஊரில் யாருக்கும் தெரியாமல் முப்பது வருஷமாக மறைத்து வைத்திருந்தாள். உன்னை நம்பிக் கொடுத்தாள்.

டாக்னி

*

கோபன்ஹேகன்
28 நவம்பர் 1983

டாக்னி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எத்தனையோ நாள் பதில் எழுதக் கை வரவில்லை. நீ இப்படிக் குத்திக் குத்தி எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

புத்தகத்தில் "நான்" என்றால் நான் இல்லை. இதைப் புரிந்துகொள்ள நீ கொஞ்சம் புத்தகம் படித்திருக்க வேண்டும். அது ஒரு சிறுமி, அவ்வளவுதான். அக்கா ஒருத்தி இருந்தால் அந்தச் சிறுமியின் தனிமை போய்விடும். அம்மா இருந்தால் பூக்காகிதத்துக்கு அர்த்தமே இல்லை. பதிப்பகத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தாயை இழந்தவர்கள் நாடு முழுவதிலுமிருந்து எனக்கு எழுதுகிறார்கள். ஒரு கிழவர் தன் மனைவியின் பூக்காகிதங்களையே அனுப்பிவிட்டார். அவர்களுக்கெல்லாம் இது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? உனக்கு அது கண்ணில் படாது.

கழுவுகிறவள் அம்மா இல்லை. அவள் முகத்தை அம்மாவைப்போல வரையவே இல்லை நான். மூக்கு சிவப்பு என்றால் குளிரால் சிவந்தது.

நான் வந்து படித்துக் காட்டுகிறேன், அதுவரை தொடாதே என்று உன்னிடம் கெஞ்சினேன். நீ தொட்டாய். அலமாரியில் போட்டுவிட்டுப் போனாய். அம்மாவுக்கு வலித்தது என்றால் அந்த வலியை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்று யோசித்துப் பார். உனக்கு எப்போதுமே என்னைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல் உண்டு. நீ அங்கேயே நின்றுவிட்டாய், நான் கிளம்பிவிட்டேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கிறிஸ்துமஸுக்கு ஓஸ்லோவில் கூட்டம் ஒன்று ஏற்பாடாகிவிட்டது. ஜனவரியில் பார்க்கலாம். அம்மாவிடம் நான் விளக்குகிறேன், அவள் புரிந்துகொள்வாள். அவள் எப்படி இருக்கிறாள்?

சோல்வை

*

லெம்விக்
17 டிசம்பர் 1983

சோல்வைக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். புத்தாண்டும் நல்லபடி அமையட்டும்.

அம்மா இப்போது எதுவும் கேட்பதில்லை.

டாக்னி

*

கோபன்ஹேகன்
22 ஜனவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கிறிஸ்துமஸ் அட்டை கிடைத்தது. கோபம் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? நீயும் அம்மாவும் நலமா? இந்தக் குளிரில் அம்மாவை வெளியே விடாதே.

புத்தகம் மூன்றாம் முறை அச்சாகிறது! அதோடு, தொலைக்காட்சியில் என்னைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார்கள். "அந்தச் சிறுமி வளர்ந்த வீடு" என்று நம் வீட்டையும் கடற்கரையையும் எடுக்க வேண்டுமாம். பிப்ரவரி நடுவில் வருவோம்.

இதில் ஒரு சின்னச் சங்கடம். நீ புரிந்துகொள்வாய். அவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிறார்கள். எல்லா இடத்திலும் நான் அப்படித்தான் பேசியிருக்கிறேன், இப்போது போய் மாற்றிச் சொன்னால் என்னைப் பொய்க்காரி என்பார்கள். அந்த இரண்டு நாளும் நீயும் அம்மாவும் பெட்ரா வீட்டில் இருக்க முடியுமா? சக்கர நாற்காலி, மருந்துப் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிடு. நடையில் மாட்டியிருக்கும் நம் மூன்று பேர் படத்தையும். ஜன்னலில் கப்பல் சம்பந்தமாக ஏதாவது, ஒரு திசைகாட்டியோ என்னவோ வைக்கலாம் என்றிருக்கிறேன், அதை நானே கொண்டுவருகிறேன். படம் எடுத்து முடித்து அவர்கள் போனதும் நான் பெட்ரா வீட்டுக்கு வருகிறேன். அம்மாவோடு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசுகிறேன். சத்தியம்.

பெட்ராவிடம் மட்டும் வாயைக் கட்டச் சொல்.

அன்பு முத்தங்களுடன்
உன் சோல்வை

*

லெம்விக்
3 பிப்ரவரி 1984

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

தங்கள் நலம் குறித்துத் தங்கள் கடிதத்தின் வாயிலாக அறிந்து மகிழ்ந்தேன். நூல் மூன்றாம் அச்சுக் காண்பதற்கு என் வாழ்த்துகள்.

படப்பிடிப்புக்கு வீடு தடையின்றிக் கிடைக்கும். யாரும் வெளியேற வேண்டிய அவசியம் இல்லை. சக்கர நாற்காலியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மருந்துப் பாட்டில்களும் போய்விட்டன. நடையில் இருந்த படத்தை நான் எடுத்துக்கொண்டேன். நான் மீன் கூடத்தின் குடியிருப்பில் ஓர் அறைக்கு மாறிவிட்டேன். சாவி பெட்ராவிடம் இருக்கிறது. அவள் வாயைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். அவள் தங்களோடு பேசப்போவதில்லை என்பதால் அது சிரமமாக இருக்காது.

திருமதி எல்னா ஜனவரி பத்தாம் தேதி காலமானார். அடுத்த வாரம் அடக்கம் நடந்தது. தங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. தேவாலயத்துப் பெண்களும் ரொட்டிக்காரரும் வந்திருந்தார்கள். தங்களுக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்பீர்கள். தங்கள் தாயார் தங்களுடைய ஏழாவது வயதில் இறந்துவிட்டதாகத் தாங்களே எழுதி, நாடே அதற்கு அழுதிருக்கிறது. இறந்தவருக்கு மறுபடி ஓர் இறப்புச் செய்தி அனுப்புவது முறையாகத் தெரியவில்லை. ஃபோனைக் கையில் எடுத்தேன். தங்கள் எண்ணைப் பாதிவரை சுற்றவும் செய்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

கல்லறை தேவாலயத்தின் வடக்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. கல்லில் "எல்னா, டாக்னியின் தாய்" என்று வெட்டச் சொல்லியிருக்கிறேன். படம் எடுப்பவர்கள் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் தாங்கள் பயப்பட வேண்டாம். அதில் தங்களைப் பொய்க்காரியாக்கும் ஒரு சொல்லும் இல்லை.

கடைசி நாட்களில் தங்கள் பெயரைச் சொன்னாரா, தங்களைக் கேட்டாரா, தங்களுக்கு ஏதாவது சொல்லி அனுப்பினாரா என்று தெரிந்துகொள்ள விரும்புவீர்கள். எனக்குத் தெரியும். கூடவே இருந்தவள் நான்தான்.

அதைத் தங்களுக்குச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
டாக்னி